தங்கைக்குப் பார்த்த பிக்கப்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சம்பளத்தை விசாரிப்பார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிப்பார்கள், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுவார்கள். நான் போனட்டைத் திறக்கச் சொன்னேன். இதைச் சொன்னால் உறவுக்காரர்கள் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். செய்யாதவன் தங்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் தள்ளுகிறவன் என்பது என் கட்சி.

என் தொழில் அப்படி. எழுபதுகளின் கடைசியிலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளைம் பார்க்கிற வேலை. இடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, காணாமல் போய்த் திரும்பி வந்த வண்டி, எதுவானாலும் முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டும். கையில் ஒரு டார்ச் லைட்டு, ஒரு துண்டு வெள்ளைத் தாள், ஒரு மொட்டைப் பென்சில். இஞ்சினில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் ஏறிவிடும். அதை வண்டியின் பதிவு அட்டையில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த அட்டைக்கு எங்கள் ஊரில் கிராண்ட் என்று பெயர். இரண்டும் ஒத்துப்போனால் வண்டி யோக்கியம். இல்லாவிட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள். வருஷக்கணக்கில் இதையே செய்துகொண்டிருந்தால் மனிதர்களைப் பார்த்தாலும் இவனுக்கு எண் எங்கே வெட்டியிருக்கும் என்று தேடத் தோன்றும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் தங்கையும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்கு என்று நான் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து நின்றுபோயிருந்தது. இரண்டையும் நிறுத்தியவன் நான்தான். ஒருத்தன் தன் வேலையைப் பற்றிச் சொன்னது பொய், இன்னொருத்தன் வயதைப் பற்றிச் சொன்னது பொய். நான் தோண்டி எடுத்துக் காட்டினேன். இரண்டு முறையும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. இரண்டு முறையும் அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை.

மூன்றாவது ஆளை அவளே கொண்டு வந்தாள். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அவர் கிள்ளான்காரர். காப்பார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழை இலை வெட்டிக் கட்டி, தினமும் விடியற்காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டு வந்து போடுகிறவர். அவள் வேலைக்குப் போகும் வழியில் பசியாறுகிற கடையில் பழக்கம். அவளுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இவரு அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வராரு. நல்லா கேட்டுக்குங்க. இவரைத் தவிர வேற யாரும் எனக்கு வேணாம். இதையும் நீங்க கிண்டி ஒடச்சிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் எனக்கு மாப்பிள்ளைன்னு யாரையும் பாக்காதீங்க. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள். இந்த இடத்தை நான் ஒடித்தால் அவள் காலம் முழுக்கத் தனியாக இருப்பாள். ஒடிக்காமல் விட்டு அவன் அயோக்கியனாக இருந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்கு முன்னால் அவர்களுடைய வண்டியின் சத்தம் வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பழைய பிக்கப். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ரகம், உருண்ட மூக்கு, தவளைக் கண், பின்னால் இலைக்கட்டு போடப் பலகைத் தொட்டி. பிரஷ்ஷால் அடித்த பச்சைப் பெயிண்ட். அந்த ரக இஞ்சின் எப்படிக் கத்தும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிற்கும்போது தொண்டையைச் செருமும், கிளம்பும்போது முனகும். இது தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ்காரன் உடம்புக்குள் ஜப்பான்காரன் உயிர். எனக்கு உடனே காது விறைத்துக்கொண்டது.

கீழே இறங்கிப் போய் வரவேற்றேன். மாப்பிள்ளை கும்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தேன். லோரியிலிருந்து கழற்றிய பட்டைகளைக் கூட்டிப் போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வண்டி ஸ்டியரிங் பக்கத்தில் கியர் போடுகிற ரகம். அந்தக் கம்பி இருந்த ஓட்டையை ஒரு தகரத்தை வெட்டி மூடிவிட்டு, தரையை அறுத்துக் கீழிருந்து கியர் கம்பி வந்திருந்தது. ஆக இஞ்சின் மட்டும் இல்லை, கியர்பாக்ஸும் வேறு. "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அடியில் பார்த்தேன். மேலே ஜன்னலில் நின்ற தங்கை என்னைப் பார்த்து முறைத்தது முதுகில் சுட்டது.

அவருடைய அம்மா குள்ளமாக, நெற்றியில் திருநீறு மட்டும் இட்டு, வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். புருஷன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நல்ல மாதிரிதான் பேசினார். என்னைத் தம்பி என்றார். தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினார். அந்தத் தட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்லவில்லை. "ஒரு நாள் நான் வீட்டுப் பக்கம் வரேன்" என்றேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் எந்த வண்டியும் கழுவித் துடைத்துத்தான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். இங்கே அன்றைக்குத் தொழுகைக்காகச் சாப்பாட்டு நேரம் நீளம். மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் விரட்டினால் கிள்ளானுக்குப் போய்த் திரும்பிவிடலாம். காப்பார் ரோட்டை ஒட்டிப் பலகை வீடு, முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் பிக்கப். வாசல் பெஞ்சில் குத்துவிளக்கைப் பிரித்துக் கழுவித் துண்டு துண்டாகக் காய வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை காலை வியாபாரம் முடிந்து படுத்திருந்தவர், என் சத்தம் கேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே. சொல்லியிருந்தா நான் ஏதாச்சும் வாங்கி வச்சிருப்பேனே."

"அதெல்லாம் வேணாம். உங்க வண்டி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. போனட்டைக் கொஞ்சம் தொறங்க, பாக்கலாம்."

தயங்கினார். ஒரு நொடிதான், ஆனாலும் தயங்கினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

போனட் திறந்ததும் என் காது சொன்னது சரி என்று கண்ணும் சொன்னது. கார்புரேட்டர் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் மறுபக்கம். இங்கிலீஷ் இஞ்சினில் அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும். போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், இஞ்ச் கணக்கு இல்லை, மில்லிமீட்டர். பிளாக்கின் அடியில் வார்ப்பு எழுத்துகள் ஜப்பான் பாணி. பழைய தாங்குகட்டைகளை அறுத்து எறிந்துவிட்டு ஆங்கிள் இரும்பில் புதிதாக வெல்டிங் வைத்து இஞ்சினை உட்கார வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் பெரிது, அதற்கு இடம் விட முன் கிரில்லை உள்பக்கம் வெட்டியிருந்தார்கள். பிரேக்குக்கு வேறு ஏதோ காரின் பூஸ்டர். வேலை சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. யோக்கியமானவன் எதற்கு இவ்வளவு மெனக்கெடுவான்?

"யாரு மாத்துனது இதெல்லாம்?"

"அப்பா இருக்கும்போதே மாத்துனதுண்ணே. பழைய இஞ்சின் நடு ரோட்ல ஜாம் ஆயிருச்சு. ஹாஃப் கட் ஒண்ணு வாங்கி அவரே ஃபோர்மன்கூட நின்னு ஏத்துனாரு. கிராண்ட்லயும் மாத்தி எழுதியாச்சு."

எங்கள் ஊரில் மெக்கானிக்கை ஃபோர்மன் என்போம். ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் கழித்துக்கட்டிய காரைப் பாதியாக அறுத்து, இஞ்சின் இருக்கிற முன்பாதியைக் கப்பலில் அனுப்புவது. அதில் நல்லதும் வரும். அந்தப் பெயரைச் சொல்லித் திருட்டுக் காரின் இஞ்சினும் வரும். பதிலை அவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மளமளவென்று சொன்னார். கதை தயாராக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எண் வெட்டியிருக்கும் இடத்தில் டார்ச்சை அடித்தேன்.

இஞ்சின் பிளாக்கின் விலாவில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு சமமான பட்டை இருக்கும். எண் அதில்தான். இஞ்சின் முழுக்கக் கரியும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. அந்தப் பட்டை மட்டும் வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளவென்று மின்னியது. அதில் எண் இல்லை. உற்றுப் பார்த்தால் இருந்ததன் நிழல் மட்டும் தெரிந்தது.

அடப்பாவி! குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தேன். பட்டையின் ஓரத்து இடுக்கில் செந்தூள். கிரைண்டர் கல்லின் தூள் என்று முடிவு கட்டினேன். ஒரு போல்ட்டின் கழுத்தில் பழுப்பு நிறத்தில் நார். சாக்குத் துணியால் துடைத்திருக்கிறான். மூக்கை வைத்து மோந்தேன், லேசாகப் புளிப்பு வாடை. ஆசிட்! தேய்த்தது போதாது என்று ஆசிட்டும் ஊற்றியிருக்கிறான். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தாள் முழுக்க வெறும் கறுப்பு. ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற இரும்புத் துண்டு பட்டையின் கடைசியை மறைத்துக்கொண்டிருந்தது. அதற்கடியில் தாளை நுழைத்துத் தேய்த்ததில் கடைசி இரண்டு எண் மட்டும் பளிச்சென்று ஏறியது. கை எட்டிய வரைக்கும் அழித்திருக்கிறார்கள், எட்டாததை விட்டுவிட்டார்கள்.

"நம்பர் எங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய அம்மா எனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார்.

"தேஞ்சிருச்சுண்ணே."

"தேஞ்சிருச்சா? இரும்பு என்ன சோப்புக்கட்டியா தேயறதுக்கு? யாருகிட்ட காது குத்துறீங்க?"

"அண்ணே, மெதுவா. அம்மா காதுல விழும்."

"விழட்டுமே. மகன் லட்சணம் தெரிய வேணாமா?"

"எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. அம்மாகிட்ட மட்டும் இதைப் பத்திக் கேட்றாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நான் வெளிய வந்து சொல்றேன்."

வெளியே வந்து சொல்கிற கதைகளை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆற்றில் விழுந்தது, குரங்கு தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் கேட்டிருக்கிறேன். பெற்ற தாய்க்கே தெரியக்கூடாத காரியம் என்றால் அது என்ன காரியம் என்று விளக்கம் வேறு வேண்டுமா? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினேன். அந்த அம்மா தட்டில் டம்ளரை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை அதுவுமா ஒரு வாய் சாப்பிடாம போறீங்களே!"

"வேலை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருடைய விரல்கள் செம்மண்ணைப் பிசைந்தவை போல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பும் வழியில் எனக்குப் பழக்கமான ஃபோர்மன் ஒருவரிடம் நின்று விஷயத்தைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, வண்டியை மட்டும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாஸ், என்ன வாடை அடிச்சுச்சு?"

"புளிச்ச வாடை."

"அப்ப ஆசிட்தான் லா. நம்பர் இல்லாத இஞ்சின்னா வேற என்னா? திருட்டுச் சாமான் லா பாஸ். கிட்ட போவாதீங்க, உங்களையும் சேத்து உள்ள தூக்கி வச்சிருவான்."

எனக்கு அது போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தங்கையிடம் தாளை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். செந்தூள், நார், வாடை, அந்தத் திருட்டு முழி, அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறுதல் சொல்ல நாலு வார்த்தைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? உன் மாப்பிள்ளை திருட்டு இஞ்சின்ல இலை ஏத்துறான்னு சொல்றேன், நீ சிரிக்கிற!"

"நம்பர் இல்லன்னு எனக்குத் தெரியும்ணே. ஏன் இல்லன்னும் தெரியும். அவரு எப்பவோ சொல்லிட்டாரு."

"என்ன காரணம்? சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நம்பிருவீங்களாக்கும்! ரெண்டு சாட்சி கேப்பீங்க, ரசீது கேப்பீங்க. அந்த ரசீதையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பீங்க. எனக்கு அலுத்துப்போச்சு." சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க, சரி. ஆனா போன்ல சொல்லக்கூடாது. தட்டு வாங்கி வச்சவங்க நீங்க. நேர்ல போயி அந்தம்மா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்க, விளக்கு வைக்கிற நேரத்துல கட்டாயம் வீட்ல இருப்பாங்க."

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துலயா போயி வேணாம்னு சொல்லச் சொல்ற?"

"உங்களுக்குத்தான் அந்தப் பயமெல்லாம் கிடையாதே. இஞ்சினுக்கே போஸ்ட்மார்ட்டம் பண்றவரு."

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அவன் இவளை நன்றாக மயக்கி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவள் சமைத்துப் போட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. இன்னும் முப்பது வருஷம் இதே மேஜையில் இப்படியே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிடப் போகிறோமா என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை. பையில் அந்தத் தாள் இருந்தது, அது பொய் சொல்லாது என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கிள்ளானுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா, எங்களை மன்னிச்சிருங்க, இது ஒத்து வராது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த அம்மா சாமி படத்துக்கு முன்னால் திரி போட்டுக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு கண்ணைப் பறித்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க. விளக்கு வச்சுட்டு வந்துர்றேன். இந்த நேரத்துல ஒண்ணும் பேசக்கூடாது."

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கொட்டகையில் பிக்கப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று.

விளக்கேற்றி முடிந்ததும் அந்த அம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஐயா, மூடியத் தொற" என்றார் மகனிடம். மகன் போனட்டைத் தூக்கி நிறுத்தினார். ஒரு காலி சோடாப் பெட்டியை இழுத்துப் போட்டு, அந்தக் குள்ள உருவம் அதன் மேல் ஏறி நின்றது. கை நேராக உள்ளே போனது. தடுமாறவில்லை, தேடவில்லை. எண் இருந்த அந்தப் பட்டையின் மேல் சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது வாசலுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"பொட்டு வைக்கிறேன் தம்பி. நெத்தி மாதிரி மட்டமா இருக்கிறது இந்த ஒரு எடந்தான், மத்ததெல்லாம் மேடும் பள்ளமும். அவரு இந்த இஞ்சினை ஏத்துன வாரத்துலேருந்து வெள்ளி தவறுனது கிடையாது. காலையில விளக்கு தேய்க்கிறப்ப அதே புளியும் செங்கல் பொடியும் போட்டு இதையும் தேச்சிருவேன். கரியா கிடக்கிற நெத்தியில பொட்டு வைக்கலாமா?" பெட்டியிலிருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்ல இதுல ஏதோ கிறுக்குன மாதிரி அழுக்கு இருந்துச்சு. போவேனான்னுச்சு. நானும் விடல. எத்தனை வருசம் தேச்சேன்! இப்பதான் சுத்தமா போயிருக்கு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அம்மாவுக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். வேண்டாம் அண்ணே. அவர் கண்ணில் இருந்ததைத்தான் போன வாரம் திருட்டு முழி என்று நான் படித்திருந்தேன். செந்தூள் செங்கல் பொடி. நார் புளியின் நார். நான் ஆசிட் என்று மோந்தது ரசம் வைக்கிற புளி! வாழ்நாள் முழுக்க ரசத்தை ஊற்றிச் சாப்பிடுகிறவன், மூக்கை வைத்து மோந்தும் தெரியவில்லை எனக்கு. அந்த ஃபோர்மனுக்கும் தெரியவில்லை, அவரும் ரசம் சாப்பிடுகிறவர்தான்.

அந்த அம்மா தட்டை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு பொட்டு வைங்க தம்பி. நல்ல காரியமா வந்திருக்கீங்க."

வாங்கிக்கொண்டேன். குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்த அதே இடத்தில், அவர் வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். இரும்பில் பகல் சூடு இன்னும் இருந்தது.

"தங்கச்சி விசயமா ஏதோ பேசணும்னு வந்தீங்களாமே?" என்றார்.

"ஆமாம்மா. நாள் பாத்துரலாம்."

அந்த அம்மா தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். சாப்பிடாமல் விடவில்லை, அவர்கள் வீட்டு இலையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாப்பிட்டேன், விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் காட்டி ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி. அதன் பிறகு மாப்பிள்ளை என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தார்.

"ஏங்க, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லத்தான் வெளிய வரேன்னேன், நீங்க நிக்கல. அம்மாவுக்குத் தெரியக்கூடாதுண்ணே. நம்பர் போயி வண்டிக்கு வில்லங்கம் வந்தது தன்னாலதான்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாங்க. அப்பா போனப்புறம் குங்குமத்தை அவங்க தொட்றது இந்த ஒரு எடத்துலதான். அதையும் நான் எப்படி நிறுத்தச் சொல்றது?"

"என் தங்கச்சியை நான் தரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அதையும் யோசிச்சேன்" என்றார்.

ஆனாலும் நான் கிராண்டைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், அப்போதும் பார்த்தேன். இஞ்சின் மாற்றியதற்குச் சீல் இருந்தது. கடைசி இரண்டு எண்ணும் என் பையிலிருந்த தாளோடு ஒத்துப்போயின. பிறகு அவரை நானே முறைப்படி அதிகாரிகளிடம் கூட்டிக்கொண்டு போய், விஷயத்தை எழுதிக் கொடுத்து, அலைந்து திரிந்து, அதே எண்ணை இஞ்சினின் அடிப்பக்கத்தில் அந்த அம்மாவின் கை எட்டாத இடமாகப் பார்த்து மறுபடி வெட்ட வைத்தேன். ரோட் டேக்ஸ் விஷயமாகப் போகிறோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னோம். இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

நான் அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பியபோது மேல்மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. வலது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மோதிர விரல் நுனியில் குங்குமம் இருந்தது, கொஞ்சம் இஞ்சின் கரியோடு.

"வெச்சீங்களா?" என்றாள்.

"வெச்சேன்."

கையை விடாமல் அப்படியே நின்றாள். கண்ணில் நிறைந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் வழக்கப்படி குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

"கையக் கழுவிராதீங்கண்ணே" என்றாள். "தேத்தண்ணி ஆத்தித் தரேன், இடது கையால குடிங்க."

நான் இடது கையால் குடித்தேன்.